டோரதிக்கு இன்று விடுமுறை

போன வாரம் கோமதியைத் தூக்கம் வராமல் புரளவிட்டு வந்துவிட்டோம். பாவம், விடிந்த பிறகும் அவளுக்குக் கண் எரிச்சல் அடங்கவில்லை. இந்தத் தொடருக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக அவள் செய்து வைத்திருக்கும் காரியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புருஷன்மேல் பிரியம் வைத்தவர்கள் யாரும் அவளைத் திட்டிவிட வேண்டாம்.

போன வருஷத்துப் பொருளாதார நெருக்கடியில், தியாகராஜன் மேனேஜராக இருந்த நிதி நிறுவனம் இழுத்து மூடப்பட்டது. டை கட்டிக்கொண்டு காடி ஓட்டிப் போய் வந்த மனுஷன் கைலியோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். அப்புறம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு வழி கண்டுபிடித்தான். டெலிபோன் கம்பி வழியாக எங்கெங்கோ தேசத்தில் இருப்பவர்களோடு காசு வைத்துச் சீட்டாடுவது. போக்கர் என்று பெயர். ஆரம்பத்தில் அகப்பட்டவர்களிடமெல்லாம் தோற்றான். தோற்றுவிட்டு எழுந்து வரும்போது அவன் முகத்தைப் பார்க்கக் கோமதியால் முடியவில்லை.

அவளுக்கு ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. மதியம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவளும் அந்தச் சீட்டாட்டத்துக்குள் நுழைந்தாள். பெயர் டோரதி. ஊர் ஆஸ்திரேலியாவில் பெர்த். வயதான விதவை, ஒரு பூனை வளர்க்கிறாள். எல்லாம் கோமதி வாய்க்கு வந்தபடி அடித்துவிட்டது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன மேசையில் டோரதி தியாகராஜனுக்கு எதிரே உட்கார்ந்தாள், தோற்றாள். மறுநாளும் வந்தாள், மறுநாளும் தோற்றாள். ஆறு மாதமாக இதுதான் கதை.

தியாகராஜன் நிமிர்ந்துவிட்டான். சவரம் செய்துகொண்டான், சட்டை போட்டுக்கொண்டான். மாதா மாதம் ஜெயித்த பணத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, பெருமையாகக் கோமதி கையில் கொடுத்தான். அது அவளுடைய சம்பளத்தில் ஒரு பங்கு என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

இப்போது இன்றைக்கு வருவோம்.

இன்று சிலாங்கூர் சுல்தானின் பிறந்த நாள். சிலாங்கூர் மாநிலத்து ஷா ஆலமுக்கு லீவு, கோலாலம்பூருக்குக் கிடையாது. அதனால் அவர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் கடை கண்ணியெல்லாம் திறந்திருக்க, கோமதி மட்டும் வீட்டில் இருந்தாள். வெளியே புது ரயில் நிலையத்துக்காகத் தூண் இறக்கும் இயந்திரம் காலையிலிருந்தே இடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வோர் இடிக்கும் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன.

தியாகராஜன் பசியாறிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"கோமதி, இன்னைக்கு நான் பெரிய மேசைக்குப் போகப் போறேன்."

"எதுக்கு?" என்றாள் அவள், ரொட்டித் தட்டை எடுக்க வந்தவள் எடுக்காமலே நின்று.

"பின்ன எத்தனை நாளைக்குத்தான் அந்தப் பெர்த் கிழவியையே அடிச்சிக்கிட்டு இருக்கிறது? பூனைக்கு ஊசி போடணும், காசு இல்லன்னு எழுதுது. எழுதிட்டு என்கிட்டயே வந்து தோக்குது. எனக்கே பாவமா இருக்கு."

"தோக்கிறவங்க தோக்கட்டும். உங்களுக்கு என்னவாம்?"

"சுலபமான ஆளோட ஆடி ஆடிக் கை மழுங்கிப் போயிரும்லா. பெரிய மேசையில இருக்கிறவன்லாம் இதையே பிழைப்பா வச்சிருக்கான். அவனோட உக்காந்தாத்தான் நான் யாருன்னு எனக்குத் தெரியும்."

"எதை வச்சு உக்காருவீங்க?"

"வேலையை விட்டு அனுப்பினப்போ குடுத்தாங்களே, அந்தப் பணத்தைத்தான். நேத்தே சீட்டாட்டக் கணக்குல மாத்திட்டேன்."

வீட்டில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். சின்ன மேசையில் ஒரு கிழவி விட்டுக்கொடுத்ததை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் புலிகளோடு உட்காரப் போகிறேன் என்கிறான். ஒரு மணி நேரம் தாங்குவானா?

அவள் கெட்டிக்காரி. சட்டென்று ஒரு யோசனை வந்தது.

"இன்னைக்கு உங்க அக்கா விசாலாச்சி கிள்ளான்லேருந்து வராங்க. அவங்க முன்னாடி புது ஆளுங்ககிட்டத் தோத்து வச்சா நல்லாவா இருக்கும்? இன்னைக்கு ஒரு நாள் டோரதியோட ஆடுங்க. நாளைக்கு எங்க வேணும்னாலும் போங்க."

அக்காள் பெயரைச் சொன்னதும் அவன் தயங்கினான். "அதுவும் சரிதான்," என்றான்.

டோரதி இன்று வர மாட்டாள். வர வேண்டிய டோரதி சமையலறையில் வாழைக்காய் சீவிக்கொண்டிருக்கிறாள். அவன் காத்திருந்து காத்திருந்து அலுத்து எழுந்துவிடுவான், ஒரு நாள் கிடைக்கும், அதற்குள் வேறு ஏதாவது யோசிக்கலாம். கோமதிக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்துக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

மதியம் விசாலாச்சி வந்து இறங்கினாள். தியாகராஜனின் மூத்த சகோதரி, அவனுக்கு ஆச்சி. வாயைத் திறந்தால் எதிரே இருப்பவர் மூடிக்கொள்ள வேண்டும். கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே வந்ததாகவும், நாட்டில் மரியாதை செத்துவிட்டதாகவும் சொல்லிக்கொண்டே தேன்குழல் டப்பாவை மேசையில் வைத்தாள்.

"எங்கடா உன் ஆபீஸ்? காட்டு பாப்போம். கம்ப்யூட்டர்ல சம்பாதிக்கிறியாமே, கிள்ளான் பூரா பேச்சு."

தியாகராஜனுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காளுக்கு ஒரு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டு இணைப்பைத் தட்டினான். மோடம் வழக்கம்போல் கிறீச்சிட்டு, இரைந்து, அடங்கியது. கோமதி எண்ணெய்ச் சட்டியில் வாழைக்காயைப் போட்டாள்.

"இரு ஆச்சி, என் ஆள் வரணும். வந்துட்டா. டோரதி வந்தாச்சு," என்று கூடத்திலிருந்து குரல் கேட்டது.

கோமதியின் கையில் ஜல்லிக்கரண்டி அப்படியே நின்றது.

விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்று நினைத்தாள். மெல்ல நடந்து வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள். திரையில் பச்சை மேசை. இந்தப் பக்கம் அவன் பெயர். அந்தப் பக்கம் டோரதி, பெர்த். அவள் தன் விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி உண்டாக்கிய பெயர், அவள் தட்டாமலே வந்து உட்கார்ந்திருந்தது.

மேசைக்கு அடியில் எழுத்துகள் ஓடின. தியாகராஜன் அக்காளுக்காகத் தமிழில் சொன்னான்.

"இன்னைக்கு உங்களுக்காக முன்னாடியே வந்துட்டேன், அப்படின்னு எழுதுது கிழவி."

"நல்ல மனுஷியா இருக்காளே," என்றாள் விசாலாச்சி.

முதல் ஆட்டத்தில் டோரதி ஜெயித்தாள். "கிழவிக்கு இன்னைக்கு யோகம்," என்று அவன் சிரித்தான். இரண்டாவதிலும் அவளே. அவன் சிரிக்கவில்லை, நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். கோமதி அறிந்த டோரதிக்கு ஜெயிக்கத் தெரியாது. ஜெயிக்கிற சீட்டு வந்தால் அதைக் கவிழ்த்துப் போட்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் பூனையைப் பற்றிப் பேசுவாள், அவ்வளவுதான் அவள்.

மறுபடி எழுத்து ஓடியது.

"கொஞ்சம் பொறுங்க, அடுப்புல ஏதோ கருகுதுன்னு எழுதுது. கிழவி சமையல் பண்ணிக்கிட்டே ஆடுது போல." தியாகராஜன் சொல்லி முடிக்கவில்லை, விசாலாச்சி மூக்கைச் சுளித்தாள்.

"ஏய் கோமதி, உன் அடுப்புல என்ன?"

வாழைக்காய் தீய்ந்து கரியாகிக்கொண்டிருந்தது. கோமதி ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். புகை கண்ணில் ஏறி நீராக வழிந்தது. சட்டியை இறக்கும்போது கரண்டி தரையில் விழுந்தது.

"என்னாச்சு? கை சுட்டுக்கிட்டியா?" என்று அவன் அங்கிருந்தே கேட்டான்.

"இல்லங்க. தயிர் இல்ல, கீழ போய் வாங்கிட்டு வந்துடறேன்."

அவள் தயிருக்குப் போகவில்லை. வீட்டு டெலிபோன் லைனைக் கம்ப்யூட்டர் பிடித்து வைத்திருக்கிறது. பெட்டிக்கடை ஓரத்துப் பொதுத் தொலைபேசியில் அட்டையைச் செருகினாள். முதலில் தொழிற்சாலைக் காவல் கொட்டகைக்கு அடித்தாள்.

"பக்கிரிசாமி அண்ணே, நான் கணக்குப் பிரிவு கோமதி. ஆபீஸ்ல யாராவது இருக்காங்களா?"

"ஈ காக்கா இல்லம்மா. காலையில நான்தானே சங்கிலி போட்டேன். ஏன், எதையாச்சும் விட்டுட்டுப் போயிட்டியா?"

"எங்க ரூம்ல?"

"ரூம்ல யாரு இருப்பா? லைட்டு மட்டும் எரியுது. நேத்து அணைக்காம போயிட்டீங்க போல."

நேற்று விளக்கை அணைத்துவிட்டுக் கடைசியாகக் கிளம்பியவள் கோமதிதான். அவள் அதைச் சொல்லவில்லை. லைனைத் துண்டித்துவிட்டு, ஆபீஸில் கம்ப்யூட்டருக்கென்றே தனியாக இருக்கும் நம்பரை அழுத்தினாள். மணி அடித்தால் போதும். அடித்துக்கொண்டே இருந்தால் அங்கே யாரும் அதைத் தொடவில்லை என்று அர்த்தம்.

மணி அடிக்கவில்லை. விட்டு விட்டு டுட் டுட் என்றது. லைன் பிஸி.

பட்டப்பகல். பக்கத்தில் பூக்கட்டுகிற அக்கா யாரோடோ சத்தமாக விலை பேசிக்கொண்டிருந்தாள். லோரி ஒன்று பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. இத்தனை சந்தடிக்கும் நடுவில் கோமதிக்கு அந்த டுட் டுட் மட்டும் கேட்டது. பூட்டிச் சங்கிலி போட்ட கட்டடத்தில், அவளுடைய மேசையில், அவளுடைய நாற்காலியில் யாரோ உட்கார்ந்து அவள் புருஷனோடு சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள்.

படியேறும்போதுதான் இரகசியச் சொல் ஞாபகம் வந்தது. டோரதியாக உள்ளே போக ஒரு சொல் தட்ட வேண்டும். மறந்துவிடக் கூடாதே என்று அவள் வைத்திருந்தது பிறந்த வீட்டு விலாசம். வீர.அரு.சொ. செட்டி வீடுகளில் பெயருக்கு முன்னால் வரும் அந்த முதலெழுத்துகள் எங்கேதான் இல்லை? கல்யாணத்துக்குக் கொடுத்த வெள்ளிக் கிண்ணத்தில் இருக்கிறது, எவர்சில்வர் தூக்கில் இருக்கிறது, சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் வெட்டியிருக்கிறது. உலகத்துக்கே காட்டுவதற்கென்று வெட்டி வைத்ததைப் போய் இரகசியமாக வைத்திருக்கிறாளே, இந்தப் புத்தியை என்னவென்று சொல்ல. அவள் வீட்டில் கை நனைத்த யார் வேண்டுமானாலும் டோரதி ஆகலாம்.

ஆனால் அடுப்பில் கருகியது? அது எப்படி அங்கே தெரிந்தது?

வீட்டுக்குள் நுழைந்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. விசாலாச்சி பேசாமல் இருந்தாள். விசாலாச்சி பேசாமல் இருந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

"எவ்வளவு போச்சு?" என்றாள் கோமதி.

"வந்துரும்," என்றான் அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "கிழவிக்கு ஆடத் தெரியாது கோமதி. ஆறு மாசமாப் பாக்கிறேன்ல. இன்னைக்குக் குருட்டு யோகம், எவ்வளவு நேரம் நிக்கும்?"

"எழுந்திரிங்க. சாப்பிடலாம்."

"சாப்பாடு எங்க ஓடிப் போகுது? பெரிய மேசைக்கு வச்சிருந்ததைக் கொஞ்சம் இதுல இறக்கினேன். இப்ப விட்டுட்டு எழுந்தா முட்டாத்தனம்."

கொஞ்சம் அல்ல. திரையின் மூலையில் பார்த்தாள். முக்கால்வாசியும் எதிர்ப்பக்கம் போய்விட்டது. டோரதியின் கணக்கில் நேற்று மிச்சம் இருந்தது ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோற்றுக்குக்கூடக் காணாது. இன்று அவள் முன்னால் குவிந்திருப்பதில் தியாகராஜன் தோற்றது போக மிச்சமும் நிறைய இருந்தது. யார் போட்ட பணம் அது?

கோமதி அவனையும் பார்த்தாள், அக்காளையும் பார்த்தாள். சொல்லிவிடலாம். எழுந்திரிங்க, அந்தக் கிழவி நான்தான், இத்தனை நாளும் வேண்டுமென்றே தோற்றேன், இது வேற யாரோ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சொன்னால் பணம் தப்பும். இவன்? சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனை ஆறு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி உட்கார வைத்திருக்கிறாள். அதுவும் அக்காளை வைத்துக்கொண்டா சொல்வது?

"மொத்தத்தையும் வைக்கிறீங்களான்னு கேக்குது கிழவி," என்றான் தியாகராஜன். அவன் கை அசைந்தது.

கோமதி குனிந்து சுவரிலிருந்து டெலிபோன் கம்பியைப் பிடுங்கினாள்.

திரை உறைந்தது. வெளியே தூண் இறக்கும் இயந்திரமும் அதே நேரம் நின்றது. சாப்பாட்டு வேளை, அதனால் நிறுத்தியிருப்பார்கள். ஆனாலும் வீடு திடீரென்று பாழடைந்த மாதிரி ஆகிவிட்டது.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றான் அவன்.

"டோரதின்னு யாரும் இல்லைங்க. அது நான். ஆபீஸ்லேருந்து நான்தான் ஆடினேன். ஆனா இன்னைக்கு நான் இல்ல."

அவன் புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்தது. புரிவது அவன் முகத்தில் மெதுவாக இறங்குவதைக் கோமதி பார்த்துக்கொண்டே நின்றாள். தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றியது, குனியவில்லை.

"பூனை?" என்றான்.

"பூனையும் இல்ல."

"அப்ப நான் ஜெயிச்சதெல்லாம்?"

அவள் கண் சாமி படத்தின் பக்கம் போயிற்று.

"உன் சம்பளத்தையா மாசா மாசம் சாமி படத்துக்கு முன்னாடி வச்சு, உன் கையிலயே குடுத்தேன்? நீயும் கண்ணுல ஒத்தி ஒத்தி வாங்கிக்கிட்டியே கோமதி."

"தம்பி, அவ உன் நல்லதுக்குத்தானடா," என்று விசாலாச்சி ஆரம்பித்தாள்.

"சும்மா இரு ஆச்சி."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் கோமதிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தரையில் கிடந்த கம்பியை எடுத்துத் துடைத்தான். சுவர்ப் பக்கம் குனிந்தான்.

"என்ன செய்யறீங்க? வேணாங்க."

"இன்னைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது நீ இல்லைல்ல?"

"சத்தியமா இல்ல. யாருன்னே தெரியல. ஆபீஸ் பூட்டியிருக்கு, உள்ள லைட்டு எரியுது, லைன் பிஸியா இருக்கு. நம்ம அடுப்புல கருகுறது அங்க தெரியுது. எனக்குப் பயமா இருக்குங்க."

"எவனா வேணும்னாலும் இருக்கட்டும். என்னை ஜெயிக்கணும்னு ஆடுறான்ல? எனக்கு அது போதும்," என்று அவன் கம்பியைச் செருகினான்.

மோடம் கிறீச்சிட்டது. மேசை திரும்ப வந்தது. எதிர் நாற்காலி காலியாகவில்லை. எழுத்து காத்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அவன் அதைப் படித்துச் சொல்லவில்லை, கோமதியே படித்தாள். சண்டை முடிந்ததா, நான் எங்கும் போகவில்லை என்று இருந்தது.

"நான் உன்கூடச் சண்டை போட்டேனா?" என்று அவன் கேட்டான், யாரையும் பார்க்காமல்.

சீட்டு வந்தது. அவன் நெடுநேரம் யோசித்தான். இத்தனை மாதத்தில் இவ்வளவு யோசித்து அவன் ஆடிக் கோமதி பார்த்ததில்லை. பிறகு மிச்சம் இருந்ததை மொத்தமாக நடுவில் தள்ளினான். விசாலாச்சி தாலிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள்.

டோரதி தாமதித்தாள். தாமதித்து, தன் சீட்டைக் காட்டாமலே கவிழ்த்துப் போட்டாள். நடுவில் குவிந்திருந்தது முழுக்கத் தியாகராஜன் பக்கம் வந்தது. அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. அதற்கடுத்ததில் போன பணத்தில் பாதிக்கு மேல் திரும்பிவிட்டது.

"அடேயப்பா," என்றாள் விசாலாச்சி.

தியாகராஜன் திரும்பினான். கண் கலங்கியிருந்தது. மேனேஜராக்கிவிட்டார்கள் என்று சொல்ல ஒரு நாள் ஓடி வந்தானே, அந்த முகம்.

"பாத்தியா? இவன் சும்மா ஆள் இல்ல. எனக்குத் தண்ணி காட்டினவன். அவனை நான் திருப்பி அடிச்சேன் கோமதி. இது நிஜம்தானே?"

கோமதி திரையைப் பார்த்தாள். டோரதியாக ஆடும்போது நல்ல சீட்டு கையில் வந்துவிட்டால் கோமதி உடனே கவிழ்க்க மாட்டாள். உடனே கவிழ்த்தால் சந்தேகம் வரும். யோசிக்கிற மாதிரி ஒரு மிடறு தண்ணீர் குடிப்பாள், டம்ளரை வைப்பாள், அப்புறம் கவிழ்ப்பாள். எதிரே இருப்பவனை எழுந்திருக்கவிடாமல் பிடித்து வைக்க அதுதான் வழி. மூன்று தடவையும் டோரதி தாமதித்தது அவ்வளவு நேரந்தான், தண்ணீரைக் குடித்து டம்ளரை வைக்கிற நேரம்.

அவன் இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே நாளில் இரண்டாம் தடவை அந்த முகத்தின் வெளிச்சத்தை அணைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"நிஜந்தாங்க," என்றாள் கோமதி.

அவன் சிரித்துக்கொண்டே திரும்பி, அடுத்த ஆட்டத்துக்குச் சம்மதம் என்று பொத்தானை அமுக்கினான்.